இரண்டு பாட்டில், ஒரே செங்கல் நிறம்

இன்று காலை குளியலறை மூலையில் எறும்புகள் வரிசை கட்டியிருந்தன. வீட்டு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பெண் அதைப் பார்த்துவிட்டுத் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். துக்கம் விசாரிக்கும் குரலில் சொன்னாள்: "அய்யா, சொல்றேனேன்னு தப்பா நெனைக்காதீங்க. உங்களுக்கு சுகர் இருக்குது."

அறுபது வருடமாக எறும்புகளும் மனிதர்களும் சேர்ந்து எனக்கு வழங்கிவரும் தீர்ப்பு இது. என்னுடைய வழக்கமான பதிலைச் சொன்னேன். "இருக்குதும்மா. ஆனா ரத்தத்துல இல்ல." அவள் இரக்கத்தோடு தலையாட்டினாள். வயதானவர்கள் இப்படி ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

அவள் போன பிறகும் நான் அங்கேயே நின்றேன். எங்கிருந்தோ ஸ்பிரிட் விளக்கின் வாசனை வந்தது. இந்த வீட்டில் ஸ்பிரிட் விளக்கு கிடையாது. நீ போய்ச் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது; ஆனாலும் அந்த வாசனைக்கு உன்னைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

செஞ்சியில் அந்தச் சின்ன ஆஸ்பத்திரியின் பின்பக்க அறை உனக்கு நினைவிருக்குமா என்று கேட்பது அபத்தம். ஒரே ஒரு ஜன்னல். அதில் ராஜகிரி மலை முழுதும் அடங்கியிருக்கும். வெயில் ஏற ஏறப் பாறைகள் நிறம் மாறும். உன் கையில் இருக்கும் கண்ணாடிக் குழாயும் அதே நேரம் நிறம் மாறிக்கொண்டிருக்கும். நீலத் திரவத்தில் எட்டுச் சொட்டுச் சிறுநீர் விட்டு விளக்கில் காட்டுவாய். சர்க்கரை இல்லையென்றால் நீலம் நீலமாகவே நிற்கும். இருந்தால் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு. நிறைய இருந்தால் செங்கல் நிறம். மலையையும் குழாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நான் எத்தனை பகல்களை அங்கே கழித்தேன் என்று எண்ணினால், என் அலுவலகம் எனக்குச் சம்பளம் கொடுத்ததே பெரிய விஷயம்.

நம் இருவருக்கும் இருபத்தைந்து வயது. நான் ஓர் அலுவலகத்தில் தற்காலிக எழுத்தர். எந்த அலுவலகம் என்று இங்கே எழுதமாட்டேன். அங்கிருந்து நான் அனுப்பிய சில கடிதங்களுக்கு இன்னும் பதில் வரவேண்டியிருக்கிறது. உங்கள் வீட்டார் பஜாரில் தலைமுறை தலைமுறையாகப் பாத்திரக் கடை வைத்திருந்தவர்கள்; பாத்திரக் கடை பாய் என்றால் உன் அத்தாவைத்தான் சொல்வார்கள். நீ மட்டும் மெட்ராசுக்குப் போய் ரத்தமும் சளியும் சிறுநீரும் பார்க்கக் கற்றுக்கொண்டு, பழைய இங்கிலீஷ் உடலியல் புத்தகம் ஒன்றோடு திரும்பி வந்தாய். அந்தப் புத்தகத்தில் இதயம் இருந்த பக்கங்கள் புத்தம் புதிதாக இருந்தன. சிறுநீரகப் பக்கங்கள் மட்டும் விரல் பட்டுப் பட்டுக் கறுத்திருந்தன. காதலிப்பதற்கு ஊரில் எவ்வளவோ இருக்க, நீ அதைத் தேர்ந்தெடுத்தாய்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் கோட்டைக்குப் போவோம். கல்யாண மகாலின் மேல்மாடி வரைக்கும் சுட்ட மண் குழாயில் தண்ணீர் ஏறிப் போனதாகச் சொல்வார்கள். சக்கரைக் குளத்துத் தண்ணீர். அந்தக் குளத்துக்கு அப்படிப் பெயர் வைத்ததில் எனக்குப் பங்கில்லை. மண்ணில் பாதி புதைந்து கிடந்த ஒரு குழாய்த் துண்டைத் தடவிக்கொண்டே நீ பேச ஆரம்பித்தாய்.

"இந்தக் கோட்டைக்குள்ள வேண்டாத ஆளு ஒருத்தன் இருக்குறான்னு வெச்சிக்கோ. ராஜா இன்னா பண்ணுவான்?"

"தேடிப் பிடிப்பான்."

"கிட்னி தேடாது. எல்லாரையும் வெளியே தள்ளிடும். ராணி, மந்திரி, சமையல்காரன், திருடன், எல்லாம் வெளியே. யானை குதிரை மட்டும் வாசல்ல நுழையாது, அதனால உள்ளயே நின்னுடும். ரத்தத்துல செவப்பணு, புரதம் எல்லாம் அந்த யானைங்க. அப்பறம் வெளியே போற வழி நெடுக ஆளு நிறுத்தி வெச்சிருக்கும். 'ராணியம்மா நீங்க உள்ள வாங்க, சமையல்காரரே நீயும் வா'ன்னு ஒவ்வொருத்தரா கையப் பிடிச்சு இழுத்துக்கும். திருடனை மட்டும் ஒருத்தனும் கூப்பிட மாட்டான். அவன் பாட்டுக்குப் போய்க்கினே இருப்பான்."

"இது பைத்தியக்கார நிர்வாகம்டா."

"ஆனா யோசி. தேடிப் பிடிக்கணும்னா ஒவ்வொரு திருடனோட மூஞ்சியும் தெரிஞ்சிருக்கணும். இதுல நமக்கு வேண்டியவங்க மூஞ்சி தெரிஞ்சா போதும்."

கோட்டையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் உன்னைத் திரும்பிப் பார்த்தார். நீ கவனிக்கவில்லை. முதல் வாசலில் வடிகட்டப்படாமல் ரத்தத்திலேயே தங்கிவிட்ட திருடன் கதி என்ன என்று நான் கேட்டதும் உன் முகம் மலர்ந்துவிட்டது. அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தாய் போல.

"அதுக்குத்தான் குழாய் ஓரமாவே ரத்தமும் ஓடுது. சுவத்துல நிக்கிறவன் இந்தப் பக்கம் கையை விட்டு, ரத்தத்துல ஒளிஞ்சினு இருக்குறவனைப் பிடிச்சு அந்தப் பக்கம் குழாய்க்குள்ள போட்டுருவான். ஜாஸ்தியான அமிலம் அப்பிடித்தான் போவுது. நாங்க போடற பென்சிலின் ஊசியையும் அப்பிடித்தான் தொரத்துது. எங்க டாக்டரு உள்ள ஏத்துவாரு, உன் கிட்னி வெளிய தள்ளும். ரெண்டு பேருக்கும் போட்டி."

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் அப்படிப் பத்து லட்சம் குழாய்கள் என்றாய். தலைமுடியை விட மெல்லியவை. ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு குடம் வடிகிறது. வெளியே வருவது ஒரு படி. குழாயின் முதல் வளைவிலேயே சர்க்கரை முழுவதும், தண்ணீரிலும் உப்பிலும் பெரும்பகுதியும் ரத்தத்துக்குத் திரும்பிவிடுகின்றன. பிறகு குழாய் கொண்டை ஊசி மாதிரி கீழே இறங்கி மேலே ஏறுகிறது. கடைசி வளைவில், அன்றைக்கு எவ்வளவு வெயில், எவ்வளவு தாகம் என்று பார்த்து மிச்சத் தண்ணீரை வைத்துக்கொள்வதா விட்டுவிடுவதா என்று முடிவாகிறது. நீ சொல்லச் சொல்ல இருட்டிக்கொண்டு வந்தது. மகாலின் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஆகாயத்தில் கரைந்தன. எனக்குள் இருபது லட்சம் ஓடைகள் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருப்பதாகவும், கரைகளில் யாரோ நின்று எனக்கு வேண்டியவற்றைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதாகவும் உணர்ந்தபடி வீடு வந்தேன். அன்றைக்கு எனக்குச் சிறுநீர் கழிக்கவே சங்கடமாக இருந்தது.

அப்புறம் என் வேலை நிரந்தரமாகும் உத்தரவு வந்தது. கூடவே ஓர் உடல் தகுதிச் சான்றிதழ் இணைக்க வேண்டும். சான்றிதழ் இல்லையென்றால் வேலை இல்லை. அவலூர்பேட்டையில் என் மாமாவின் தவிட்டுக் கடையில் ஒரு முக்காலி எனக்காகவே காலியாக இருந்தது. அவர் வாரா வாரம் அதைத் துடைத்து வைப்பதாகவும் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார்.

நீதான் பரிசோதித்தாய். நீலம், பச்சை என்று எங்கும் நிற்காமல் நேராகச் செங்கலுக்குப் போனது.

"இன்னொரு தடவ பாரு" என்றேன். பார்த்தாய். அதே நிறம்.

"தண்ணியக் கொஞ்சம் ஊத்திப் பாரேன். நீலமாவே இருக்கும். யாருக்குத் தெரியப் போவுது?"

"யாருக்கும் தெரியாது. நாளைக்கு உன் கால்ல புண்ணு வந்து ஆறலன்னா மட்டும் எல்லாருக்கும் தெரியும்" என்று சொல்லிவிட்டு, செங்கல் என்று எழுதினாய். உன் கையெழுத்து அன்றைக்கு வழக்கத்தைவிட அழகாக இருந்ததை நான் மன்னிக்க வெகுநாள் ஆயிற்று.

டாக்டர் மறுபரிசோதனைக்கு ஒரு வாரம் கொடுத்தார். இரக்கத்தால் அல்ல, படிவத்தில் அப்படி ஒரு கட்டம் இருந்தது. அந்த வாரம் நான் பாகற்காய்ச் சாறு குடித்தேன். காபியில் சர்க்கரையை விட்டேன். பிறகு காபியையே விட்டேன். நீ தினம் ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டாய். ஒரு நாள் வெறும் வயிற்றில், மறுநாள் பொங்கல் சாப்பிட்ட பிறகு. ஒவ்வொரு முறையும் செங்கல். ஒவ்வொரு முறையும் உன் முகத்தில் குழப்பம் கூடியது. "உனக்குத் தாகமும் இல்ல, எளைக்கவும் இல்ல. எனக்கு ஒரு சந்தேகம் இருக்குது, ரெண்டு நாளு பொறு. புத்தகத்துல ஒரு பத்தி இருக்குது" என்றாய். புத்தகத்தில் ஒரு பத்தி இருப்பதை நம்பி ஒருவன் தன் வாழ்க்கையை நிறுத்திவைப்பானா? நான் பொறுக்கவில்லை.

எங்கள் அலுவலகத்தில் இதற்கு ஓர் ஏற்பாடு உண்டு. அதை உன்னிடம் நான் சொன்னதில்லை. எங்கள் ஹெட் கிளார்க் ஐம்பதை நெருங்கியவர். ஞாயிறுதோறும் ராஜகிரி உச்சிக்கு ஏறி இறங்குவார். திங்கள்தோறும் அதை எங்களுக்கு விவரிப்பார். தகுதிச் சான்றிதழுக்குப் போகும் எவனுக்காவது தன் உடம்பின்மேல் சந்தேகம் இருந்தால், அவரிடம் பாட்டிலை நீட்டுவான். அவர் நிரப்பிக் கொடுப்பார். பிரதிபலன் எதுவும் வாங்கியதில்லை. அலுவலகத்தில் லஞ்சமில்லாமல் நடந்த ஒரே காரியம் அதுதான்.

"இன்னா தம்பி, மூஞ்சி சுண்டிப் போயிருக்குது?" என்று கேட்டார். சொன்னேன்.

"அட, இதுக்கா? கொண்டா பாட்டில. இங்க நிரந்தரமா உக்காந்திருக்கிறானுங்களே நாலு பேரு, அத்தினி பேரும் நம்ம சரக்குலதான் உக்காந்தானுங்க."

மறுநாள் காலை அந்தப் பாட்டிலை, இன்னொருவர் சொத்து என்ற மரியாதையோடு, செய்தித்தாளில் சுற்றி எடுத்து வந்தேன். என் பெயர் எழுதிய காகிதத்தை நானே ஒட்டினேன். நீ வாங்கிக்கொண்டாய். விளக்கில் காட்டினாய். செங்கல்.

நான் முக்காலியை நினைத்துக்கொண்டேன். நீயோ வேறொரு குழாயை எடுத்து, ஏதோ தூளைக் கரைத்து, சொட்டுச் சொட்டாக எதையோ மேலே விட்டாய். இரண்டுக்கும் நடுவில் ஊதா நிறத்தில் ஒரு வளையம் மெல்லத் திரண்டது. செஞ்சியின் இன்னொரு மலையான கிருஷ்ணகிரி மேல் சாயங்காலம் வரும் நிறம். அவ்வளவு அழகான கெட்ட செய்தியை நான் பார்த்ததில்லை.

"இது யாருது?"

"என்னுது."

"உன்னுது இல்ல."

"என் பேரு ஒட்டியிருக்குது பாரு."

"பேரு உன்னுது. உள்ள இருக்குறது வேற ஆளு. உன்னுதுல சக்கரை மட்டும்தான் வரும். இதுல அசிட்டோன் இருக்குது. இந்த ஆளுக்குச் சக்கரை உடம்புல சேரல, கொழுப்பை எரிச்சு ஓட்டிக்கினு இருக்குறான். சொல்லுடா, யாரு?"

சொன்னேன். சொல்லும்போது சிரித்தேன் என்று நினைக்கிறேன். ஊர் முழுக்கத் தேடி, ஆரோக்கியத்துக்குப் பேர்போன ஆளைப் பிடித்து, என்னைவிட மோசமான பாட்டிலை வாங்கி வந்திருக்கிறேன். நீ சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு எனக்கு எதிரில் உட்கார்ந்தாய்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் எழுத மாட்டேன். அப்பறம் எழுதினா பாட்டில் மேல இருக்குற பேர்லதான் எழுதணும். சக்கரை, அசிட்டோன் ரெண்டும் உனக்கு. வேலை போயிடும். அதுகூடப் பரவால்ல. அவரு சாவறத யாரு பேர்ல எழுதறது? போய்ச் சொல்லு அவருகிட்ட."

"சொன்னா, கூடவே அந்த நாலு பேரு கதையும் வெளிய வரும்டா. எல்லாரும் மாட்டுவோம்."

"ஆமா" என்றாய். அவ்வளவுதான். வாதாடியிருந்தால் நான் ஜெயித்திருப்பேன்.

புதன்கிழமை நான் சொல்லவில்லை. வியாழக்கிழமை காலையும் சொல்லவில்லை. மதியம் நீயே அலுவலகத்துக்கு வந்துவிட்டாய். ஹெட் கிளார்க் பானையிலிருந்து மூன்றாவது சொம்பு தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தார். நீ என்னைப் பார்த்தபடி நின்றாய். அப்போதுதான் வாயைத் திறந்தேன்.

"சார், உங்க பாட்டில்லயும் சக்கரை வந்திருச்சு."

"பாட்டில கழுவினியாடா? தேன் பாட்டிலா அது?"

"கழுவினேன் சார்."

"அப்ப பாயோட மருந்து கெட்டுப் போயிருக்கும். இன்னா பாய், நம்ம ஒடம்பப் பத்தி ஊருக்கே தெரியும். ரெண்டு மாசத்துல தொப்பை போன இடம் தெரியல, பாத்தியா? மலை ஏறினா சும்மாவா?"

"பெல்ட்ல புதுசா ஓட்டை போட்டிருக்குறீங்களே, எத்தினி சார்?" என்று நீ கேட்டாய்.

"மூணு. ஆணியால நானே போட்டேன்."

"தண்ணி?"

"நல்லா குடிக்கணும் பாய். நான் ஒரு நாளைக்கு ரெண்டு பானை…"

அங்கே நின்றுவிட்டார். கையில் சொம்பு இருந்தது. அதைப் பார்த்தார். தன் ஆரோக்கியத்தின் சாட்சிகளாக இத்தனை நாள் கூட்டி வைத்தவை எல்லாம் ஒவ்வொன்றாகக் கட்சி மாறுவதை ஒரு மனிதர் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொம்பைப் பானை மேல் கவிழ்த்து வைத்தார்.

"இன்னா பண்ணணும் பாய்?" என்றார். அந்தக் குரலில் அவர் யாரிடமும் பேசி நான் கேட்டதில்லை.

மறுநாள் விடியலில் முதல் பஸ்ஸில் மூவரும் பாண்டிக்குப் போனோம். ரத்தத்தில் சர்க்கரை அளக்கும் வசதி அங்கேதான் இருந்தது. டாக்டரிடம் நீ இரண்டு நாள் தவணை வாங்கியிருந்தாய். வெறும் வயிற்றோடு போக வேண்டும் என்பது உன் கட்டளை. திண்டிவனத்தில் பஸ் நின்றபோது வேர்க்கடலைக்காரன் ஜன்னல் ஜன்னலாக வந்தான். ஹெட் கிளார்க் கையை நீட்டினார். நீ அந்தக் கையைப் பிடித்து மடியில் வைத்தாய். அதன் பிறகு பாண்டி வரைக்கும் அதை விடவில்லை. வெளியே வயல்களில் பனி எழுந்துகொண்டிருந்தது. எனக்குப் பசி மயக்கம். பஸ்ஸே ஒரு குழாய் மாதிரியும், நாங்கள் எந்தக் கரையில் இழுத்துக்கொள்ளப்படுவோம் என்று தெரியாமல் அதில் மிதந்து போவது மாதிரியும் இருந்தது.

பாண்டியின் பெரிய ஆஸ்பத்திரியில் முதலில் ரத்தம் எடுத்தார்கள். பிறகு குளுக்கோஸ் கரைத்த தண்ணீர் ஆளுக்கு ஒரு டம்ளர். அரை மணிக்கு ஒரு முறை ரத்தமும் சிறுநீரும். சாயங்காலம் இரண்டு காகிதங்கள் வந்தன. ஹெட் கிளார்க்கின் ரத்தத்தில் சர்க்கரை தாறுமாறாக இருந்தது. என் ரத்தத்தில் ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரு குறையும் இல்லை. சிறுநீரில் மட்டும் எப்போதும் போலச் செங்கல்.

நீ அந்தக் காகிதத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தாய். "அந்தப் பத்தி" என்றாய். "அதேதான்டா."

திரும்பும் பஸ்ஸில் எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து விளக்கினாய்.

"சாருக்கு ஏரி ரொம்பி வழியுது. குழாய்ச் சுவத்துல சக்கரையத் தூக்கற ஆளுங்க இத்தினி பேருன்னு கணக்கு இருக்குது. அவ்வளவு சக்கரை வந்தா அவங்க இன்னா பண்ணுவாங்க? மிச்சம் வெளிய போவுது. இவனுக்கு ஏரி அளவாத்தான் இருக்குது. மதகுதான் சரியா மூடல. தூக்கற ஆளுங்க உங்க ஆபீஸ் ஆளுங்க மாதிரி, பாதி பேரு டீ குடிக்கப் போயிட்டானுங்க. பொறவியிலேயே அப்பிடி. ஒரு ஆபத்தும் இல்ல."

"அப்ப அவனுக்கு ஒண்ணும் இல்லையா?" என்றார் ஹெட் கிளார்க்.

"இல்ல சார்."

"நல்லது தம்பி" என்று என் தொடையில் தட்டினார். வயிற்றெரிச்சல் ஒரு துளியும் இல்லாமல் சொன்னார். நான் அதன் பிறகு பார்த்த மேலதிகாரிகள் யாரிடமும் அதை எதிர்பார்க்கவில்லை.

டாக்டர் பாண்டிக் காகிதத்தை மூன்று முறை படித்துவிட்டு, ஒரு முறையும் நம்பாமல், சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். ஹெட் கிளார்க் தன் சொந்தப் பெயரில் ஒரு பாட்டில் கொடுத்து நோயாளியாகப் பதிவு செய்துகொண்டார். என் பெயர் ஒட்டிய அந்தப் பாட்டிலை நீ என் கண்ணெதிரே தொட்டியில் கவிழ்த்தாய். அவருக்குத் தினமும் காலையில் நீதான் இன்சுலின் ஊசி போட்டாய். இருபது வருடம் இருந்தார். அதன் பிறகு எங்கள் அலுவலகத்தில் நிரந்தரமாக விரும்பியவர்கள் எல்லாரும் சொந்தச் சிறுநீரில்தான் ஆகவேண்டியிருந்தது.

உனக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டும். நேரில் சொல்ல முடியாமல் போயிற்று. சர்க்கரைக்காரர்களுக்கு இப்போது ஒரு மாத்திரை வந்திருக்கிறது. குழாயில் சர்க்கரை தூக்கும் ஆட்களை அது கட்டிப்போட்டுவிடுகிறது. சர்க்கரை வெளியே போய்விடுகிறது. அதாவது நான் பிறந்தபோதே கொண்டுவந்த குறையைத்தான் இப்போது அட்டை அட்டையாக விற்கிறார்கள். நீ கேட்டிருந்தால் ஒரு நாள் முழுக்கச் சிரித்திருப்பாய்.

சொல்லத்தான் வந்தேன், இரண்டு வருடம் முன்பு. பஸ் ஸ்டாண்டில் இறங்கி நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு உன் வீட்டுக்கு நடந்தேன். உன் மகள் கதவைத் திறந்தாள். "வாங்க மாமா. அத்தாவுக்கு இப்ப யாரையும் தெரியறதில்ல, மனசுல வெச்சுக்காதீங்க" என்றாள்.

ஜன்னலோரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தாய். என் பெயரைச் சொன்னேன். மரியாதையாகத் தலையாட்டினாய். ஹெட் கிளார்க்கைச் சொன்னேன், கோட்டையைச் சொன்னேன், மாத்திரையைச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் அதே மரியாதை. பேச்சு தீர்ந்து நான் சும்மா இருந்தபோது, நீ மெல்ல என் கையை எடுத்துச் சட்டைக் கையை மேலே சுருட்டினாய். முழங்கை மடிப்பில் கட்டை விரலை வைத்துத் தேடினாய். கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தினாய். நிறுத்தினாய்.

"வெறும் வயித்துலதான வந்த?"

"ஆமா" என்றேன்.

நீ என்னைப் பார்த்தாய். என் பொய் ஒன்று உன்னிடம் நின்று, பிடிபடாமல் போனது அப்போதுதான். "நல்லது. கொஞ்ச நேரம் உக்காரு, எடுத்துடறேன்" என்றாய். உன் மகள் டீயும் பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்தாள். நீ சாய்ந்து தூங்கிப்போகும் வரை நான் அவற்றைத் தொடவில்லை. டீ ஆடை கட்டி ஆறிப்போனது.

என் கைகள் இப்போது வற்றிவிட்டன. ரத்தம் எடுக்க வரும் பெண்கள் நரம்பு கிடைக்காமல் தட்டித் தட்டிப் பார்க்கிறார்கள். நானே அந்த இடத்தைக் காட்டிவிடுகிறேன். மடிப்பில், கொஞ்சம் இடப்பக்கம். முதல் குத்திலேயே வந்துவிடுகிறது. "எப்பிடிய்யா கரெக்டா சொல்றீங்க?" என்று கேட்கிறார்கள்.

"ஒருத்தரு பார்த்து வெச்சிட்டுப் போனாரும்மா" என்கிறேன்.